டாலர், ருஃபியா, அத்தையின் சுருக்குப்பை: மதுரையிலிருந்து மாலத்தீவுக்கு

திங்கள், மதுரை

டவுன்ஹால் ரோட்டில் டாலர் வாங்கினோம். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பி அந்தப் பக்கம் பணம் மாற்றும் கடைகள் உண்டு. போகிற இடம் மாலத்தீவு. விளம்பரங்களில் வருகிற தண்ணீர்மேல் குடில் இல்லை, அது நமக்குக் கட்டுப்படியாகாது. தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் திகுரா என்று ஒரு தீவு. உள்ளூர் ஜனங்கள் குடியிருக்கிற, பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் இருக்கிற தீவு. அங்கே ஒரு கெஸ்ட்ஹவுஸில் அறை போட்டிருக்கிறோம். நான், வீட்டுக்காரர், அத்தை.

கடலின் நீலத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அதற்கு வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. கையில் என்ன பணம் கொண்டுபோவது, எங்கே எதை நீட்டுவது என்பதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. அதைத்தான் அன்றன்றைக்கு எழுதலாம் என்று இருக்கிறேன்.

பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றையும் வாங்கிப் பார்த்தார் கடைக்காரத் தம்பி. தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கமாக வாங்கமாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்துதான் போகவேண்டும். ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகத் தருவார்கள். நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஜிஎஸ்டியும் உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. லட்ச ரூபாய் வரை, மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதற்கு 18 சதவீதம் போடுகிறார்கள். 80,000 ரூபாய்க்கு மாற்றினால் 144 ரூபாய். உண்மையான செலவு டிவியில் சொல்லும் டாலர் விலைக்கும் கடைப் பலகையில் இருக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. ரெண்டு கடை ஏறி இறங்கினால் அது கொஞ்சம் குறையும்.

"எல்லாத்தையும் நூறு நூறா கேக்காதீங்கக்கா. அந்தத் தீவுல யாரு உங்களுக்கு மிச்சம் குடுப்பா? ஒத்த டாலர், அஞ்சு டாலர், பத்து டாலர் எடுத்துக்கங்க" என்றார் தம்பி. சின்ன நோட்டு அவரிடமே குறைவாகத்தான் இருந்தது. உள்ளே போய் ஒரு கவரைத் தேடி எடுத்து, ஒற்றை டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு எண்ணிக் கொடுத்தார். நூறு டாலர் நோட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். நடுவில் நீலப் பட்டை ஓடுகிறதா, அது 2013-க்கு அப்புறம் வந்த நோட்டு. பட்டை இல்லாத பழைய நோட்டைத் தீவுகளில் பல பேர் தொடமாட்டார்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல், ரப்பர் ஸ்டாம்ப் இருந்தாலும் சிக்கல்தான்.

அத்தை ஒற்றை டாலர் கட்டில் பாதியை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். "எங்கிட்ட இருக்கட்டும் தாயி, நீ எங்கிட்டாச்சும் வச்சுட்டுத் தேடுவே."

செவ்வாய், மதுரை

கார்டு வேலை. 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தருகிற கார்டுகளை வங்கிகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டுமே திறந்து கொடுக்கின்றன. வெளிநாட்டில் தேய்க்க வேண்டுமென்றால் நாமே செயலிக்குள் போய் அந்தச் சுவிட்சைப் போடவேண்டும். ஏடிஎம்முக்குத் தனி, கடை மெஷினுக்குத் தனி, ஆன்லைனுக்குத் தனி. ஓடிபி வருகிற சிம் இங்கே கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்றும் எடுத்தோம். அது டாலரில் பில் போடும் இடத்துக்குச் சரி. ஆனால் மாலத்தீவுப் பணமான ருஃபியாவை அந்தக் கார்டில் ஏற்ற வழியில்லை. ருஃபியாவில் தேய்த்தால் டாலரிலிருந்து ருஃபியாவுக்கு மாற்றியதற்கு இன்னொரு கட்டணம் பிடிக்கிற கார்டுகள்தான் அதிகம். கார்டு விற்பவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார், கேட்டால் சொல்வார்.

இன்னொன்று. மாலத்தீவுக்குப் போகும் 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை காசு கேட்கிற போலித் தளங்கள். விசாவும் நமக்கு இலவசம், இறங்கியதும் குத்தித் தருகிறார்கள்.

புதன், மதுரை – கொழும்பு – மாலே

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பது நம் ஊர்க்காரர்களிலேயே பல பேருக்கு நினைவிருப்பதில்லை. சென்னைக்கோ கொச்சிக்கோ ராத்திரி பஸ் பிடிக்காமல், மதுரை விமான நிலையம் இருக்கிற பெருங்குடியில் ஏறி, காபி ஆறுவதற்குள் கொழும்பு. அங்கே மாறி மாலே.

காத்திருந்த நேரத்தில் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். மாலேயிலிருந்து திரும்பும்போது சாதா வகுப்பில் வெளிநாட்டுக்காரருக்குப் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர். 2024 டிசம்பரிலிருந்து இந்த விலை. மூன்று பேருக்கு 300 டாலர், தீவில் கால் வைப்பதற்கு முன்னாலேயே. டிக்கெட்டிலேயே சேர்ந்து வருவதால் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து நம் யூபிஐ ஓடுகிறது. மாலத்தீவுக்கும் 2025 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அதை நம்பிக் கிளம்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் வங்கிக் கவுண்டரில் 100 டாலரைக் கொடுத்து ருஃபியா வாங்கினோம். டாலருக்கு 15 ருஃபியா சொச்சம். இந்த 15.42 என்ற எண் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். 2011-இல் அவர்களுடைய மத்திய வங்கி, 12.85 என்பதை நடுவில் வைத்து இருபுறமும் 20 சதவீதம் வரை விலை நகரலாம் என்று சொன்னது. விலை உடனே மேல் எல்லையான 15.42-க்கு ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து இறங்கவில்லை. நம் கணக்குக்கு ஒரு ருஃபியா ஏறக்குறைய ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கவுண்டரில் தந்த ரசீதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். திரும்பும்போது மிச்ச ருஃபியாவை டாலராக மாற்ற அதைக் கேட்பார்கள். ருஃபியாவை மாலத்தீவுக்கு வெளியே யாரும் சீந்தமாட்டார்கள்.

ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் தங்கல். அங்கே கார்டைக் கொடுத்தபோது மெஷின் கேட்டது, பில் ரூபாயில் போடவா, டாலரில் போடவா? ரூபாய் என்று பார்த்ததும் நம் ஊர்ப் பாசம் வரும். டாலரைத்தான் அமுக்க வேண்டும். ரூபாயை அமுக்கினால் மாற்று விலையை அந்த மெஷின்காரர்கள் வைப்பார்கள், அது எப்போதுமே அவர்களுக்குத் தோதாகத்தான் இருக்கும்.

வியாழன், திகுரா

ஸ்பீட்போட்டில் ஆளுக்கு 55 டாலர். சுமார் நூறு கிலோமீட்டர். அத்தை கண்ணை மூடிக்கொண்டு சுருக்குப்பையைப் பிடித்தபடியே வந்தார். படகு குதித்த குதிப்பில் அவர் வாயிலிருந்து அழகர்கோயில் தெய்வங்கள் அத்தனையும் வந்துபோயின.

கெஸ்ட்ஹவுஸில் வரவேற்பு இளநீர். அது இலவசம். மற்றது எதுவும் இலவசம் இல்லை. அறை வாடகை ராத்திரிக்கு 60 டாலர் என்று பார்த்துத்தான் போட்டோம். கணக்கு இப்படி ஓடுகிறது. 60-க்கு மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், ஆக 66. அதற்கு மேல் சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம். சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி, ஆக 77 டாலர் 22 சென்ட். அப்புறம் பசுமை வரி. ஐம்பது அறைக்கு மேற்படாத கெஸ்ட்ஹவுஸ் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், பெரிய ஹோட்டலிலும் ரிசார்ட்டிலும் 12. மூன்று பேருக்கு 18. மொத்தம் 95 டாலர் 22 சென்ட். அறுபது தொண்ணூற்றைந்தாக வந்து நிற்கிறது.

நான் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எல்லாமே சட்டப்படியான வரி, முன்பதிவுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்து பட்ஜெட் போடுகிறவர்கள் அந்தப் பொடி எழுத்துக்குத் தனியாக ஒரு கவர் எடுத்து வைக்க வேண்டும். பசுமை வரி அறைக்கு இல்லை, தலைக்கு. கூட்டுக் குடும்பமாகப் போகிற நம் வழக்கத்துக்கு அது ரொம்ப உறைக்கும். ரெண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு.

சாயங்காலம் நானும் அத்தையும் கடைத்தெருப் பக்கம் போனோம். தெரு என்றால் வெள்ளை மணல்தான். சின்னப் பெட்டிக்கடையில் மீன் அடைத்துப் பொரித்த பண்டங்கள், ஹெதிகா என்கிறார்கள். ஒன்று 4 ருஃபியா. டீயும் ருஃபியாவில்தான். உள்ளூர்க்காரர்கள் யாரும் நோட்டை நீட்டவே இல்லை. போனை எடுத்து வங்கிச் செயலியில் பணத்தை அனுப்பிவிட்டு அந்த ரசீதுப் படத்தைக் கடைக்காரருக்குக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அங்கே வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அந்த வசதி இல்லை. நான் எட்டிப் பார்த்த எந்தக் கடையிலும் நம் யூபிஐ அட்டையும் இல்லை.

அப்புறம் இளநீர் விவகாரம். காலையில் இலவசமாகக் குடித்த ருசியில் அத்தை இன்னொன்று கேட்டார். 50 ருஃபியா. அத்தை மூன்று ஒற்றை டாலரை எடுத்து நீட்டினார், கடைக்காரர் விரலால் இன்னொன்று காட்டினார். நாலாவது டாலரையும் வாங்கிக்கொண்டு 10 ருஃபியா திருப்பித் தந்தார். டாலருக்கு 15 என்று முழு எண்ணாகவே தீவுக்கடைகளில் பிடித்துக்கொள்கிறார்கள், அந்த 42 லாரியை (நம் பைசா மாதிரி, ருஃபியாவின் சில்லறை) யாரும் எண்ணுவதில்லை. நூறு டாலரை இப்படிச் செலவழித்தால் 42 ருஃபியா போய்விடும். அதனால்தான் சின்னச் செலவுக்கு ருஃபியா, பெரிய செலவுக்கு டாலர் என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

"நம்ம காசுக்கு எம்புட்டு?" என்றார் அத்தை.

"முந்நூறு ரூபாய் அத்தே."

பாதி குடித்திருந்த இளநீரை நிறுத்திவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "மரம் பூராம் காய்ச்சுத் தொங்குதே தாயி, பறிக்க ஆளில்லையா?"

வெள்ளி, திகுரா

வெள்ளியும் சனியும் இங்கே வார விடுமுறை. வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் கடை கண்ணி எல்லாம் சாத்திவிடுகிறார்கள். பணம் இருந்தும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க முடியாது. வெள்ளனே போய் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் குளிக்கிறார்கள். சேலையோடு கடலில் இறங்கிய அத்தையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடை திறந்ததும் பிஸ்கட் வாங்கப் போனபோது பின்னாலிருந்து, "மதுரைப் பக்கமாக்கா?" என்று ஒரு குரல். அத்தையின் பேச்சைக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். பக்கத்துத் தீவுப் பள்ளியில் ஆசிரியை, உசிலம்பட்டி பக்கம், விடுமுறைக்குச் சிநேகிதியைப் பார்க்க வந்தவர். மாலத்தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறைய. அத்தைக்கு அதற்குமேல் கடலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எந்தத் தெரு, யார் மகள், எத்தனை பிள்ளை என்று ஆரம்பித்தாயிற்று.

பேச்சு பணத்தின் பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு இந்தத் தீவின் இன்னொரு கணக்கு புரிந்தது. அவருக்குச் சம்பளம் ருஃபியாவில். வீட்டுக் கடன் மதுரையில், ரூபாயில். நடுவில் டாலர் வேண்டும். வங்கியில் மாதத்துக்கு இவ்வளவுதான் வெளியே அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அது சம்பளத்தில் ஒரு மூலைக்குத்தான் காணும். அரிசி, வெங்காயம், டீசல் எல்லாமே வெளியிலிருந்து டாலர் கொடுத்து வாங்குகிற நாடு. டாலர் உள்ளே வருவது பெரும்பாலும் சுற்றுலாவால். 2024 அக்டோபரில் நம் ரிசர்வ் வங்கி 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் தந்ததெல்லாம் இந்தத் தட்டுப்பாட்டுக்காகத்தான்.

"வெளிய டாலருக்குப் பதினேழு பதினெட்டுன்னு கேப்பாங்கக்கா. உங்களுக்கெல்லாம் பதினஞ்சு, எங்களுக்குப் பதினெட்டு" என்று சிரித்தார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். நமக்கு ருஃபியா வேண்டும், அந்தப் பெண்ணுக்கு டாலர் வேண்டும், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டால் ரெண்டு பேருக்கும் லாபம். அந்த ஆசிரியையே முந்திக்கொண்டு, "நான் அதுக்காகச் சொல்லலைக்கா. உரிமம் இல்லாம மாத்துனா இங்க குத்தம். மாட்டுனா வேலை போயிரும்" என்றார். நாங்கள் பேச்சை மாற்றினோம். போகும்போது அத்தை தன் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை முழுசாக அவர் கையில் திணித்தார். என்னைக் கேட்கவில்லை.

கடைக்குள் ஒரு சாக்கில் வெங்காயம் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் சரக்குப் போவது பழைய கதை. இந்தச் சாக்கு எந்த ஊரோ தெரியாது. அத்தை ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தார்.

சனி, திகுரா

திமிங்கலச் சுறா பார்க்கப் போனது நானும் வீட்டுக்காரரும் மட்டும். தீவின் வெளிப்புறக் கடல் 2009-லிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. வருஷம் முழுக்க அவை வருகிற இடம். ஆளுக்கு 80 டாலர், வரி தனி. இதற்கு நான் கணக்குப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்தவர்கள் பார்க்கமாட்டார்கள்.

பணம் கட்டிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். கவுண்டரில் இருந்த பையன் எங்கள் நூறு டாலர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். நீலப் பட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் கோட்டுக் காலரில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினான். அசல் நோட்டில் அந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். அது தேறியது. கூடக் கொடுத்த ஐம்பது டாலர் நோட்டில், ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு ஊதா முத்திரை. தலையாட்டிவிட்டுத் திருப்பித் தந்தான். வங்கியில் இதை வாங்கமாட்டார்கள், அதனால் நானும் வாங்கமுடியாது என்று நிதானமாகச் சொன்னான். கோபப்பட ஒன்றுமில்லை. வேறு நோட்டு இருந்தது, கொடுத்தோம். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றுதான் யோசித்தேன். தீவில் இருக்கும்போது கையிலிருக்கும் பணம் எவ்வளவு என்பதைவிட, அதில் செல்லுபடியாகிற பணம் எவ்வளவு என்று எண்ணிக்கொள்வது நல்லது.

ஞாயிறு, திகுரா

பில் வந்தது. கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடுதல் என்றார்கள். ரொக்க டாலரிலேயே முடித்தோம். ஃபாரெக்ஸ் கார்டு அவசரத்துக்கு என்று அப்படியே திரும்புகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. நடுக்கடலில் உடம்புக்கு ஏதாவது வந்து மாலேக்குத் தனிப்படகு பிடிக்க வேண்டியிருந்தால் சுருக்குப்பை தாங்காது.

அறை சுத்தம் செய்த பங்களாதேஷ்காரத் தம்பிக்கு அத்தை தன் கையால் ஒற்றை டாலர்களாக எண்ணிக் கொடுத்தார். அவர் ஐந்துதான் கொடுக்கப் போனார். அந்தத் தம்பி ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது என்று தெரிந்ததும் பத்தாகிவிட்டது. எந்த மொழியில் பேசி இதைத் தெரிந்துகொண்டார் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

திங்கள், மாலே – மதுரை

விமான நிலையத்தில் மிச்ச ருஃபியாவை ரசீதைக் காட்டி மாற்றினோம். டாலர் நோட்டாகக் கொடுக்க முடிந்த அளவுக்குக் கொடுத்தார்கள். சில்லறை ருஃபியாவுக்கு ஒரு டீயும் அத்தைக்கு ஒரு பாக்கெட் தேங்காய் மிட்டாயும்.

புதன், மதுரை

டவுன்ஹால் ரோட்டுத் தம்பி அந்த முத்திரை விழுந்த ஐம்பதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார், ஆனால் தன்னுடைய வாங்கும் விலைக்கு. மீதி டாலரைக் கொடுக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். 2,000 டாலர் வரை நோட்டாகக் கையில் வைத்திருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். நம்மிடம் இருப்பது அதன் பக்கத்தில்கூட வராது.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். மே மாதம் சிங்கப்பூர் போகிறார்களாம்.

"மதினி, மிச்ச டாலரை எனக்கே குடுத்துருங்களேன். கடை விலைக்கு நாலணா கொறைச்சு வாங்கிக்கிறேன். ரெண்டு பேருக்கும் மிச்சந்தானே?"

உரிமம் உள்ள கடையைத் தவிர ஆளுக்கு ஆள் டாலர் விற்கக்கூடாது, இங்கேயும் அதுதான் சட்டம் என்றேன்.

"கூடப்பிறந்த அண்ணன்கிட்ட வாங்குறதுக்குக்கூடவா சட்டம்?" என்று காபி டம்ளரை வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் பேப்பரைப் பெரிதாக விரித்துக்கொண்டார். அத்தைதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஏத்தா, டாலரை விடு. அங்க பச்சை வரின்னு ஒண்ணு தலைக்கு வாங்குறான், தெரியுமா? சிங்கப்பூர்ல எம்புட்டுன்னு மொதல்ல கேட்டுக்க."

நாத்தனார் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.